மலையகத்திலும் காணாமல் போனோரின் உறவுகள் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

போரிலும் மற்ற வன்முறைகளிலும் காணாமல் போனவர்களைத் தேடிக் கண்டறிய இலங்கை அரசு அமைத்த காணாமல் போனோர் அலுவலகம் பற்றிய தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். நியாயமான கருத்துகள்தான். ஆனால் வழக்கம்போல, தேயிலைத் தோட்டத் தமிழர்கள் வாழும் மலையகம் விடுபட்டுவிட்டது. 1977, 1983 ஆண்டுகளில் தமிழருக்கு எதிராக நடந்த வன்செயல்களில் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்ட பல குடும்பங்கள் வடக்கே வன்னியில் குடியேறின. கிளிநொச்சியின் மலையாளபுரம், பாரதிபுரம் எல்லாம் அவர்கள் காடு வெட்டி உருவாக்கிய இடங்கள். இறுதிப் போரில் அவர்களும் இடம்பெயர்ந்தார்கள், அவர்களிலும் பலர் காணாமல் ஆக்கப்பட்டார்கள். பட்டியலில் ஊர் கிளிநொச்சி என்றுதான் இருக்கும். இங்கே தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் காத்திருக்கும் அக்கா தங்கையை யார் கணக்கில் எடுப்பது?

என் பெரியப்பா மகன் 2009 மே மாதத்துக்குப் பிறகு திரும்பவில்லை. பெற்றோரும் இல்லை. இங்கே கொழுந்து பறிக்கும் அவருடைய தங்கை விவரம் கேட்கப் போனபோது, வன்னியிலுள்ள கிராம சேவகரின் கடிதம் வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். போய்வர பஸ் காசு ஒருபுறம், அப்புறம் அத்தனை நாள் பேரும், அதாவது நாள் சம்பளமும், போய்விடும். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த இந்த அலுவலகம் ஹட்டன், பதுளை, இரத்தினபுரியில் நடமாடும் சேவை நடத்தி, உறவினரின் முறைப்பாட்டை அவர்கள் வாழும் தோட்டத்துக் கிராம சேவகர் மூலமாகவே ஏற்க வேண்டும்.

ஒரு வாசகர்,
ஹட்டன்.