ஆண்டறிக்கை: சிக்கமகாமிக்கோ உயிர்காப்பு நிலையப் பயணம்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், பொதுக்குழுவிற்கு வருகை தந்துள்ள சங்கக் குடும்பத்தினர் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். பொங்கல் விழா, தமிழ்ப்பள்ளி ஆண்டுவிழா ஆகியவற்றின் விவரங்களும் வரவு செலவுக் கணக்கும் பொருளாளரின் அறிக்கையில் இடம்பெற்றுள்ளதால், உறுப்பினர்கள் பலர் விரிவாகக் கேட்டிருந்த கோடைப் பயணத்தைப் பற்றி மட்டுமே இங்கு எழுதுகிறேன்.

வட கரோலைனாவில் வாழும் நம்மில் பலர் ஹேட்டரஸ் கலங்கரை விளக்கத்தைப் பார்த்தவர்கள். ஆனால், அதே சாலையில் ரோடாந்தே ஊரில், கரையருகே உடையும் கப்பல்களில் சிக்கியவர்களை மீட்பதற்காக 1874இல் எழுந்த சிக்கமகாமிக்கோ உயிர்காப்பு நிலையத்தை வண்டியை நிறுத்தாமல் கடந்து சென்றவர்களே மிகுதி. கோடைக்கால வியாழக்கிழமைகளில் அங்கு பழைய மீட்புப் பயிற்சியைச் செய்து காட்டுவார்கள் என்பதால், நம் பயணத்தையும் ஒரு வியாழனன்றே அமைத்துக்கொண்டோம்.

மணல்திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும் இக்கடற்கரைக்கு 'அட்லாண்டிக்கின் கல்லறை' என்றே பெயர். நிலையங்களைக் கட்டிய அரசு, தொடக்கத்தில் அவற்றை ஆண்டில் சில மாதங்களுக்கு மட்டுமே திறந்து வைத்திருந்தது. 1877 நவம்பரில் நேக்ஸ் ஹெட் அருகே ஹியூரான் என்ற போர்க்கப்பல் தரைதட்டியபோது, பருவம் தொடங்கவில்லை என்பதால் அருகிலிருந்த நிலையம் பூட்டிக் கிடந்தது; 98 பேர் மாண்டனர். அடுத்த சில வாரங்களில் மெட்ரோபொலிஸ் கப்பலும் உடைந்து மேலும் பல உயிர்கள் போன பிறகே, 1878இல் சட்டம் இயற்றி உயிர்காப்புச் சேவையைத் தனித்துறை ஆக்கினார்கள். கட்டடம் இருந்தால் மட்டும் போதாது, அதில் பழகிய ஆட்கள் எந்நேரமும் இருக்க வேண்டும் என்பதை நாடு அவ்வளவு விலை கொடுத்துத்தான் அறிந்தது.

அந்தப் பழக்கம் எப்படிப்பட்டது என்பதைப் பயிற்சியின்போது நேரில் கண்டோம். லைல் பீரங்கி என்ற சிறு வெண்கலக் குழலிலிருந்து பாயும் குண்டு ஒரு மெல்லிய கயிற்றை உடைந்த கப்பலுக்கு இழுத்துச் செல்லும். அந்தக் கயிறு, வரிசையாக முளைகள் அடித்த ஒரு மரப்பெட்டியில் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றப்பட்டிருக்கும்; முளைகளை உருவிவிட்டால் ஒரு சிக்கும் விழாமல் ஓடும். அதன் வழியே அனுப்பும் தடித்த கயிறுகளை எங்கே கட்ட வேண்டும் என்பதை எழுதிய பலகை ஒன்றும் கூடவே போகும். ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் பிரெஞ்சு. கடைசியாக, மிதவை வளையத்தில் கித்தான் கால்சட்டையைத் தைத்த 'பிரீச்சஸ் பாய்' செல்லும். அதில் கால் நுழைத்து உட்கார்ந்தவரை ஒவ்வொருவராகக் கரைக்கு இழுப்பார்கள். இத்தனையையும் 5 நிமிடத்திற்குள் முடிக்க வேண்டும் என்பது அக்காலத்து எதிர்பார்ப்பு. நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் அந்த முளைப்பெட்டியைச் சுற்றி நின்றுகொண்டு நகர மறுத்தார்கள் என்பதைப் பெற்றோர் அறிவர்.

படகுக் கொட்டிலில் 1046 என்ற எண் கொண்ட மீட்புப் படகு இருக்கிறது. 1918 ஆகஸ்ட் 16 அன்று, ஜெர்மானிய நீர்மூழ்கி யு-117இன் தாக்குதலுக்கு ஆளான மிர்லோ என்ற பிரிட்டிஷ் எண்ணெய்க் கப்பல் வெடித்து, கடற்பரப்பே எரிந்துகொண்டிருந்தபோது, நிலையத் தலைவர் ஜான் ஆலன் மிட்ஜெட்டும் அவருடைய ஐந்து வீரர்களும் இதே படகை நெருப்புக்கிடையே செலுத்திச் சென்று, கவிழ்ந்த படகொன்றைப் பற்றிக்கொண்டிருந்தவர்கள் உட்பட 42 பேரைக் கரைசேர்த்தனர். அந்த அறுவரில் ஐவர் மிட்ஜெட் குடும்பப் பெயர் கொண்டவர்கள். படகின் பக்கப்பலகையை அருகில் நின்று பார்த்தபோது, இவ்வளவு சிறியதிலா சென்றார்கள் என்று எங்களில் மூத்தவர்களும் வியந்தார்கள்.

1954இல் மூடப்பட்ட நிலையத்தை மீட்டெடுத்தவர்கள், 1974இல் உள்ளூரில் தொடங்கப்பட்ட ஒரு வரலாற்றுச் சங்கத்தினர். நம்மைப் போலச் சந்தாவும் நன்கொடையுமாக இயங்கும் ஒரு சங்கம் சுவர்களையும் கூரையையும் சீராக்கியதோடு நில்லாமல், பீரங்கிப் பயிற்சியையும் கற்று நடத்தி வருவதே என் கருத்தில் அவர்களுடைய பெரும் சாதனை. ரோடாந்தேயில் அண்மை ஆண்டுகளில் கடற்கரை வீடுகள் பல அலைகளில் சரிந்து விழுந்துள்ளதை எண்ணினால், அவர்கள் முன்னுள்ள பணி எளிதன்று. பயணக் கணக்கில் மீந்த தொகையை அவர்களின் பராமரிப்புப் பணிக்கு அனுப்பச் செயற்குழு இசைந்தது.

வரும் ஆண்டில் மான்டியோ நகரிலுள்ள பீ ஐலண்ட் சமையற்கூட அருங்காட்சியகத்திற்குச் செல்லலாம் எனப் பரிந்துரைக்கிறேன். அடிமையாகப் பிறந்த ரிச்சர்ட் எதரிட்ஜ் 1880இல் தலைமையேற்ற பீ ஐலண்ட் உயிர்காப்பு நிலையத்தில் பணியாற்றியவர்கள் அனைவரும் கறுப்பினத்தவர். 1896 அக்டோபர் 11 அன்று, பீரங்கியை நிறுத்த மணலே இல்லாத புயல் வெள்ளத்தில், இருவர் இருவராக உடலில் கயிறு கட்டி நீந்திச் சென்று ஈ. எஸ். நியூமன் கப்பலிலிருந்த ஒன்பது பேரையும் காப்பாற்றினர். அதற்குரிய தங்கப் பதக்கம் 1996இல்தான் வழங்கப்பட்டது. நம் பிள்ளைகள் இந்த வரலாற்றையும் அவசியம் அறிய வேண்டும்.

வண்டி ஏற்பாடும் உணவும் கவனித்த உறுப்பினர்களுக்கு நன்றி கூறி, இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்