தேடிப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்

மாட்ரிட் மாநகராட்சிப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். ஃபுவென்கர்ரால் கல்லறைத் தோட்டத்தை ஒட்டி, மோன்தேகார்மேலோவில் நீங்கள் கட்டத் திட்டமிட்ட துப்புரவு மையம் பற்றி எழுதுகிறேன். பின்னணி உங்களுக்குத் தெரியாததல்ல. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் (1936–39) பிராங்கோவை எதிர்த்துப் போரிடப் பல நாடுகளிலிருந்து வந்த தொண்டர்கள்தான் சர்வதேசப் படையணி வீரர்கள். போரில் வென்ற பிராங்கோவின் சர்வாதிகார ஆட்சி, அந்தத் தோட்டத்தில் இருந்த அவர்களின் கல்லறைகளை 1941இல் கலைத்தது. 451 பேரின் எலும்புகள் பக்கத்திலேயே பொதுக்குழியில் கொட்டப்பட்டதாகப் படையணி நண்பர்கள் சங்கத்தினர் சொல்கிறார்கள். அந்த நிலம் முழுவதையும் அகழாய்வாளர்களை வைத்துத் தேடாமல் கட்டடம் எழுப்பாதீர்கள். நான் கேட்பது இதுதான்.

இந்தியாவில் இருப்பவனுக்கு இதில் என்ன அக்கறை என்று தோன்றலாம். நாக்பூர்க்காரர் கோபால் முகுந்த் ஹுத்தாரும் அந்தப் படையில் இருந்தார். அங்கே அவர் பெயர் ஜான் ஸ்மித். 1938 ஏப்ரலில் காந்தேசா பக்கம் பிடிபட்டு, சான் பெத்ரோ தே கார்தேன்யா மடத்தில் கைதியாகக் கிடந்து, உயிரோடு ஊர் திரும்பினார். திரும்பாமல் போயிருந்தால்? ‘ஜான் ஸ்மித்’ என்று ஒரு பலகை நட்டிருப்பார்கள். நாக்பூரிலிருந்து யார் போய் அதன் முன்னால் அழுதிருப்பார்கள்? இப்படி வேறு பெயரில் வந்தவர்கள், வீட்டில் சொல்லாமல் பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவிலுள்ள பிரெனே மலையை இரவோடு இரவாக நடந்தே கடந்தவர்கள் எத்தனையோ பேர். செத்தவர்களுக்கு மிஞ்சியது ஒரு குழிதான். அதையும் பெயர்த்தாயிற்று.

படையணிகளைப் பற்றி விவாதம் உண்டு, தெரியும். ஸ்டாலினின் கை அதில் இருந்தது. சொந்த ஆட்களையே சந்தேகப்பட்டுத் தண்டித்தார்கள். சரி, அதையும் எழுதுங்கள். ஆனால் 1936 நவம்பரில் உங்கள் பல்கலைக்கழக வளாகத்தில் நின்று நகரத்தைக் காத்துச் செத்தவர்களும் அவர்கள்தான். அதே வளாகத்தில் 2011இல் வைத்த நினைவுச்சின்னத்தில் சில நாளிலேயே ‘கொலைகாரர்கள்’ என்று எழுதினார்கள். 2013இல் அனுமதி வாங்கவில்லை என்று சொல்லி நீதிமன்றம் அதை அகற்றச் சொன்னது. பிராங்கோவுக்காக வந்த ஹிட்லரின் கோண்டோர் படை விமானிகள் சிலர் உங்கள் அல்முதேனா கல்லறைத் தோட்டத்தில் அடக்கமாகி இருக்கிறார்கள். அவர்களைத் தொந்தரவு செய்யச் சொல்லவில்லை. செத்தவனுக்கு ஆறடி மண் வேண்டும். அது இவர்களுக்கு மட்டும் ஏன் இல்லை?

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து முதலில் தேடுங்கள். கிடைத்தால் அவர்களுடைய நாடுகளுக்கும் குடும்பங்களுக்கும் தெரிவியுங்கள். கிடைக்காவிட்டாலும் எங்கெங்கே தோண்டினீர்கள் என்பதை வெளியிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

மரியாதையுடன்,
இந்தியாவிலிருந்து ஒரு வாசகன்