ஊக்கத்தொகைக் கணக்கை மாவட்டவாரியாக வெளியிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கட்டிப்பால், அதாவது கிண்ணத்தில் உறைந்து கட்டியான ரப்பர் பால், கிலோவுக்கு 3 வெள்ளிக்கு (ரிங்கிட்) கீழே விலை இறங்கினால், குறையும் தொகையை அரசாங்கம் ஊக்கத்தொகையாகத் தருகிறது. முன்பு 2.70 வெள்ளியாக இருந்த இந்த வரம்பை 2024ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் உயர்த்தினார்கள். நல்ல முடிவு, மறுக்கவில்லை. ஆனால் கெடா மாநிலத்தில் உள்ள எங்கள் பாலிங் மாவட்டத்தில் சென்ற மாதம் எத்தனை பேருக்கு, எத்தனை கிலோவுக்கு, எவ்வளவு பணம் கொடுக்கப்பட்டது என்று கோல கெட்டிலில் யாரைக் கேட்டாலும் உதட்டைப் பிதுக்குகிறார்கள். "அவனுக்கு வந்துவிட்டதாம், எனக்கு வரவில்லை" என்ற பேச்சு மட்டும் காப்பிக்கடையில் தவறாமல் நடக்கிறது.

இந்தப் பணம் கடை ரசீதை வைத்துக் கணக்கிடப்படுகிறது என்பதை வெளியார் அறியமாட்டார்கள். மலேசிய ரப்பர் வாரியத்தின் அனுமதி அட்டை உள்ளவர் உரிமம் பெற்ற கடையில் பாலை விற்க வேண்டும். மோட்டார் சைக்கிளில் வந்த சாக்கைத் தராசில் ஏற்றும்போதே அடியில் தண்ணீர் ஒழுகும். கடைக்காரர் ஒரு கட்டியை எடுத்து அமுக்கிப் பார்ப்பார், உலர்ந்த ரப்பர் இத்தனை விழுக்காடு என்று சொல்வார், அதற்கேற்ப எடை வெட்டப்படும். 3 வெள்ளி என்பது பாதிக்குப் பாதி உலர்ந்த ரப்பர் இருக்கும் பாலுக்கான விலை. ஆகவே கடைக்காரர் விரல் சொல்லும் விழுக்காட்டில் பால் வெட்டுபவரின் வருமானமும் இருக்கிறது, பொதுப் பணமும் இருக்கிறது. கடைவாரியாக வாங்கிய எடையையும் விழுக்காட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எங்கே கை கூசாமல் வெட்டுகிறார்கள், எங்கே விளையாத பாலுக்கு ரசீது எழுதுகிறார்கள் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

ரப்பர் விலை விழுந்தால் என்ன ஆகும் என்று எங்கள் மாவட்டத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1974 நவம்பரில் விலை சரிந்து சாமான்கள் விலை ஏறியபோது, சிறுதோட்டக்காரர்கள் ஆயிரக்கணக்கில் பாலிங்கில் திரண்டார்கள். பட்டினிச் சாவு என்று பேச்சு பரவியது, அரசாங்கம் மறுத்தது. டிசம்பரில் கோலாலம்பூரில் மாணவர்களும் தெருவில் இறங்கினார்கள்.

பணம் பெற்றவர்களின் பெயரை வெளியிட்டால் அக்கம்பக்கத்தார் பொறாமைப்படுவார்கள் என்கிறார்கள் சிலர். பெயரை யார் கேட்டது? ஐரோப்பாவில் வேளாண் மானியம் பெறும் தனிநபர் எல்லாருடைய பெயரையும் வேறுபாடின்றி வெளியிட்டது சரியல்ல என்று 2010இல் அங்குள்ள நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்காகக் கணக்கையே மூடி வைத்துவிடவில்லை. சிறிய தொகை பெறுவோரின் பெயரை மட்டும் மறைத்து மற்றதை வெளியிட வழி கண்டார்கள். இந்தியாவில் விவசாயிகளுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் திட்டத்தில் கிராமவாரியாகப் பெயர்ப்பட்டியலையே இணையத்தில் பார்க்கலாம். எனக்கு அந்த அளவு வேண்டாம். இரண்டு ஏக்கர்காரனின் வங்கிக் கணக்கை ஊரே எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. மாவட்டக் கணக்கும் கடைக் கணக்கும் போதும்.

மூடா ஆற்றுக்கு அந்தப் பக்கம் பினாங்கில் தகவல் அறியும் சட்டம் இருக்கிறது. சிலாங்கூர் 2011இல் கொண்டுவந்தது. கெடாவிலும் வேண்டும் என்று நம் சட்டமன்ற உறுப்பினர்கள் கேட்டால் மகிழ்ச்சிதான். ஆனால் மாநிலச் சட்டம் மாநில அலுவலகங்களோடு நின்றுவிடும். ரப்பர் வாரியமோ கூட்டரசு அமைப்பு. வாரியம் எந்தச் சட்டத்துக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. ரசீதுக் கணக்கு ஏற்கெனவே அதன் கையில் இருக்கிறது. மாதம் ஒரு பக்கம் அச்சிட்டு, அன்றாட விலை எழுதும் பலகைக்குப் பக்கத்தில் ஒவ்வொரு கடையிலும் ஒட்டச் சொன்னால் முடிந்தது. பாலிங் மாவட்டத்திலிருந்தே தொடங்கட்டும். ஒத்துப் பார்க்க எங்களிடம் ரசீதுகள் இருக்கின்றன.

இப்படிக்கு,
முன்னாள் தோட்டக் கிராணி,
கோல கெட்டில், கெடா