கத்தி வந்து சேர்ந்ததும்

மண்டபம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நலம்; நலமறிய ஆவல். இந்த வாரத்துக்குள் உன் வீட்டு முகவரிக்கு என் பெயரில் ஒரு சிறிய பார்சல் வரும். பென்சில்வேனியாவில் ஒருவரிடம் நான் விலைபேசி வாங்கியிருக்கும் பேனாக்கத்தி அது. இந்தியாவுக்கு அனுப்ப மாட்டேன் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் உன் முகவரியைக் கொடுத்தேன்; உன்னைக் கேட்காமல் கொடுத்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. இருக்கிற நாற்பது கத்தி போதாதா என்று உன் அம்மா இங்கே ஏற்கெனவே கேட்டுவிட்டாள், ஆகையால் அதை நீயும் கேட்க வேண்டியதில்லை. பார்சல் எந்த ஊரில் இருக்கிறது என்று விடியற்காலையில் எழுந்ததும் கைப்பேசியில் பார்த்துவிட்டுத்தான் பல் துலக்கப் போகிறேன். நேற்றும் இன்றும் அது ஹாரிஸ்பர்க் என்ற ஊரிலேயே நிற்கிறது.

வந்ததும் நீ பார்க்க வேண்டியவை சில உண்டு. போனில் சொன்னால் பாதியில் பேச்சு வேறெங்காவது போய்விடும் என்பதால் எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: அழுக்காகவோ கறுத்தோ இருந்தாலும் அந்தக் கத்தியை எதைப் போட்டும் தேய்க்காதே.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அந்தத் தவற்றை நானே செய்திருக்கிறேன். உன் தாத்தா ஓடாவி வேலைக்காக, அதாவது படகுத் தச்சு வேலைக்காகக் கொழும்புக்குப் போய்வந்த காலத்தில் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. 1964 டிசம்பர்ப் புயலோடு அந்தத் துறைமுகமும் அதுவரை வந்த ரயில்பாதையும் போயின. அதற்கு முன் ஒருமுறை திரும்பி வரும்போது, புறக்கோட்டைக் கடையொன்றில் ஷெஃபீல்ட் ஊரின் ஜோசப் ராட்ஜர்ஸ் கத்தி ஒன்றை அவர் வாங்கி வந்தார். அலகின் அடியில் ஒரு நட்சத்திரமும் ஒரு சிலுவையும் பொறித்திருந்தன. 1682இலேயே பதிவான முத்திரை அது. பாக்கு நறுக்க, கயிறு அறுக்க, நுங்கின் தோலைச் சீவ என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒரே கத்திதான். பதினேழு வயதில் நான் அவருக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து உப்புத்தாளால் தேய்த்து அதைப் பளபளப்பாக்கினேன். சிலுவை முழுவதும் போய்விட்டது. நட்சத்திரத்தில் இரண்டு முனை மட்டும் மிஞ்சியது. தாத்தா கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், மடக்கினார், மடியில் செருகிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன்.

கார்பன் எஃகு அலகில் சாம்பலும் நீலமுமாகப் படிந்திருக்கும் கறை துருவன்று. எலுமிச்சை, மாங்காய், வெங்காயம் என்று வெட்டிய பொருள்களின் புளிப்பும் சாறும் பட்டுப்பட்டு ஏற்பட்ட மெல்லிய படலம் அது. அடியில் இருக்கும் இரும்பை அது ஓரளவு காக்கவும் செய்யும். விரலில் ஒட்டும் செந்நிறத் துகள்தான் துரு. அது தென்பட்டால் ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் விட்டு, பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடு, அவ்வளவு போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். குளிரில் உறைந்து மடிப்பைப் பிடித்துக்கொள்ளும்.

இனி கத்தியைப் பார். அது அமெரிக்காவின் கேஸ் என்ற கத்தி நிறுவனம் செய்த 6318 என்ற வகை. முதல் எண்ணான ஆறு எலும்புப் பிடியைக் குறிக்கும், அடுத்த மூன்று அலகுகளின் எண்ணிக்கை, கடைசிப் பதினெட்டு வடிவத்தின் எண். மாடு மேய்ப்பவர்களுக்காக உருவான வடிவம் என்பதால் மூன்று அலகுக்கும் தனித்தனி வேலை இருக்கிறது. மழுங்கிய முனையுள்ள அலகு காளைகளுக்குக் காயடிப்பதற்கென்றே அமைந்தது, இதை உன் சிநேகிதிகளிடம் விளக்கிக்கொண்டிருக்காதே. ஒவ்வோர் அலகையும் அதன் மேல் இருக்கும் சிறு பள்ளத்தில் நகம் வைத்துத் திற. திறக்கும்போதும் மூடும்போதும் 'டக்' என்று உறுதியான ஓசை வர வேண்டும். ஓசை மந்தமாக இருந்தால் முதுகில் இருக்கும் ஸ்பிரிங் பட்டை தளர்ந்திருக்கிறது என்று பொருள். முழுவதும் திறந்தபின் நுனியை இரு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் மெல்ல அசைத்துப் பார். ஆட்டம் இருக்கக் கூடாது. பிறகு ஜன்னலுக்கு நேரே பிடித்து, முதுகுப் பட்டைக்கும் பித்தளைத் தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் கசிகிறதா என்று கவனி. அலகின் அகலத்தையும் விட்டுவிடாதே. போன வருடம் வேறொருவரிடம், பயன்படுத்தவே இல்லை என்று அவர் எழுதியதை நம்பி வாங்கிய கத்தியின் அலகு சாணைச் சக்கரத்தில் தேய்ந்து தேய்ந்து ஊசிபோல் வந்து சேர்ந்தது. படத்தில் அது தெரியாத கோணமாகப் பார்த்து எடுத்திருந்தார்.

பிடியில் சூடத்தின் வாடை அடிக்கிறதா என்றும் முகர்ந்து பார். எலும்பு என்று சொல்லி செல்லுலாய்டுப் பிடியைத் தலையில் கட்டுகிறவர்கள் உண்டு. சூடம் சேர்த்துச் செய்த பொருள் அது. பழசாகும்போது அதிலிருந்து கிளம்பும் ஆவி தன் அலகை மட்டுமல்லாமல் பக்கத்தில் இருக்கும் அலகுகளையும் அரித்துவிடும். இது தெரியாமல் நான் எல்லாக் கத்தியையும் ஒரே பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடி வைத்து இரண்டை இழந்தேன். போதாததற்கு நம் ஊருக்கு இரண்டு பக்கமும் கடல். வாடைக்காற்று அடித்தாலும் கச்சான்காற்று அடித்தாலும் உப்பு வீட்டுக்குள் வந்துவிடுகிறது. இப்போது தோலுறையில்கூட எதையும் வைப்பதில்லை, தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாத்திரைப் புட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து வைக்கிறேன்; உன் வீட்டில் இருந்தால் வீசிவிடாமல் எடுத்து வை. நீ போன முறை வாங்கி வந்த பிரான்ஸ் நாட்டு ஓபினெல் கத்தி மட்டும் எதற்கும் அடங்குவதில்லை. மழைக்காலத்தில் அதன் மரப்பிடி ஊதி அலகை இறுக்கிக்கொள்கிறது. அடிப்பக்கத்தை மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு கொஞ்சம் வெளியே வரும்; அந்த நாட்டுக்காரர்களும் அப்படித்தான் தட்டுகிறார்களாம். கடமான் கொம்புப் பிடி போட்டதை மட்டும் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்காக வாங்கிவிடாதே. வனவிலங்குச் சட்டத்தில் மாட்டிக்கொள்ள இந்த வயதில் எனக்குத் தெம்பில்லை.

கடைசியாக, முக்கியமான வேலை. அலகின் அடியில் கேஸ் என்ற முத்திரை இருக்கும், அதற்குக் கீழே வரிசையாகப் புள்ளிகள் இருக்கும். 1970இல் பத்துப் புள்ளி வைத்து, ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். 1980இல் மறுபடியும் பத்திலிருந்து தொடங்கியபோது, குழப்பம் வராமலிருக்க முத்திரையின் எஸ் எழுத்தை மின்னல் கீற்றுப்போல் ஒடித்து மாற்றினார்கள். ஆகவே எஸ் ஒடிந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுப் பூதக்கண்ணாடி வைத்துப் புள்ளிகளை எண்ணு. விற்றவர் நான்கு என்கிறார். அவர் அனுப்பிய படத்தில் எனக்கு ஐந்துபோலவும் தெரிகிறது. ஐந்தாவது, புள்ளியா அரிப்பா என்பது நேரில் பார்க்கிறவருக்குத்தான் புலப்படும்.

மின்னல் எஸ்ஸும் நான்கு புள்ளியும் இருந்தால் அது 1986இல் செய்த கத்தி. நீ பிறந்த ஆண்டில் செய்த ஒன்றை மூன்று வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. பொங்கலுக்கு வரும்போது கொண்டு வா. கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள், சரக்கில் போடும் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வை.

ஐந்து புள்ளியாக இருந்தாலும் திருப்பி அனுப்ப வேண்டாம். 1985 எங்களுக்குக் கல்யாணம் நடந்த ஆண்டு. அதற்காகத்தான் வாங்கினேன் என்று உன் அம்மாவிடம் சொல்லிச் சமாளித்துக்கொள்வேன். எதுவானாலும் எண்ணியவுடன் முதலில் எனக்குத் தனியாகச் சொல்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா