ரேபிட்டை முதலிலேயே ஆடிவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உலக செஸ் பட்டப் போட்டி பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் செய்தி வரும்போதெல்லாம் கடைசியில் ஒரு வரி இருக்கும்: 'புள்ளிகள் சமமாக இருந்தால் ரேபிட் முறையில் வெற்றியாளர் தீர்மானிக்கப்படுவார்.' பந்தி முடிந்து வெற்றிலை பாக்குத் தட்டை நீட்டுவது மாதிரி. (ரேபிட் என்றால் ஆளுக்குக் கொஞ்ச நிமிடமே கொடுத்து வேகமாக ஆடும் ஆட்டம்.) எனக்குத் தகராறே அந்த ஒரு வரியோடுதான்.

2024 டிசம்பர் 12 சாயங்காலம் நான் மஞ்சக்குப்பத்தில் ஒரு டீக்கடையில் இருந்தேன். ஃபெஞ்சல் புயல் போய் இரண்டு வாரம்கூட ஆகவில்லை, தென்பெண்ணை வெள்ளம் விட்டுப்போன சேறு செருப்பில் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. பிஸ்கட் பாட்டிலில் ஒரு செல்போனைச் சாய்த்து வைத்து நாலைந்து பேர் சிங்கப்பூரில் நடந்த உலகப் பட்டப் போட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பதினான்காவது, கடைசி ஆட்டம், குகேஷ் கறுப்பு, ஒரு சிப்பாய் கூடுதல், அவ்வளவுதான். 'டிராதான், நாளைக்கு ரேபிட்' என்று சொல்லிவிட்டு ஒருவர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியே விட்டார். அப்போதைய சாம்பியன் டிங் லிரென் 55ஆவது நகர்த்தலில் யானையை f2 என்ற கட்டத்தில் வைத்தார். யானைகளும் மந்திரிகளும் வெட்டுப்பட்டு வெறும் சிப்பாய் ஆட்டமாகிவிட, மூன்றே நகர்த்தலில் கதை முடிந்து குகேஷ் ஜெயித்துவிட்டார். கிளம்பிப் போனவர் இன்று வரை அதற்காகத் தலையில் அடித்துக்கொள்கிறார்.

ஆனால் யோசித்துப் பாருங்கள், வெள்ளையை வைத்துக்கொண்டு கடைசி ஆட்டத்தில் டிங் ஏன் காய்களை வெட்டி வெட்டிக் குறைத்துக்கொண்டே போனார்? நாளைக்கு ரேபிட் இருக்கிறது என்பதால்தான் என்பது என் கணக்கு. முந்தின வருஷம் அஸ்தானாவில் நெபோம்னியாட்சியோடு 7-7 என்று நின்று, ரேபிட்டில்தான் அவர் பட்டத்தையே வாங்கினார். ருசி கண்ட பூனை. அவரைக் குறை சொல்ல மாட்டேன், விதி அப்படி இருந்தால் யாரும் அப்படித்தான் ஆடுவார்கள். அவருக்கு முன்பு சாம்பியனாக இருந்த கார்ல்சன் செய்யாததா? 2016-இல் நியூயார்க்கில் கர்ஜாகினோடு கடைசி கிளாசிக்கல் (மணிக்கணக்கில் நிதானமாக ஆடும்) ஆட்டம், வெள்ளைக் காய், 30 நகர்த்தல், சுமார் முக்கால் மணி நேரம்கூட இல்லை, டிரா. 2018-இல் லண்டனில் கருவானாவோடு பன்னிரண்டு ஆட்டமும் டிரா. அதில் கடைசி ஆட்டத்தில் நிலைமையும் கார்ல்சனுக்குச் சாதகம், கடிகாரத்தில் நேரமும் அவருக்கே அதிகம், அப்படியிருந்தும் 31ஆவது நகர்த்தலில் டிரா கேட்டு வாங்கிக்கொண்டு போனார். ரேபிட்டில் 3-0. மூன்று வாரம் உட்கார்ந்து பார்த்த நமக்கு என்ன மரியாதை?

பழைய முறைகளும் ஒன்றும் உத்தமம் இல்லை. யார் முதலில் ஆறு ஆட்டம் ஜெயிக்கிறாரோ அவரே சாம்பியன் என்று 1984-இல் மாஸ்கோவில் கார்போவும் காஸ்பரோவும் உட்கார்ந்தார்கள். ஐந்து மாதம், 48 ஆட்டம், அதில் 40 டிரா, கடைசியில் முடிவே இல்லாமல் நிறுத்த வேண்டியதாயிற்று. அப்புறம், சமமானால் பட்டம் பழைய சாம்பியனுக்கே என்ற விதி. இது சவால் விடுபவருக்கு அநியாயம், சந்தேகமே இல்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள், அந்த விதியில் கடைசி நாள் யாராவது ஒருவர் முட்டி மோதியே ஆக வேண்டும். 1987 செவில்லில் காஸ்பரோவ் 23ஆவது ஆட்டத்தில் தோற்று ஒரு புள்ளி பின்தங்கி, 24ஆவது ஆட்டத்தை ஜெயித்தே தீர வேண்டிய கட்டாயத்தில் உட்கார்ந்து, ஜெயித்து, 12-12 ஆக்கிப் பட்டத்தைக் காப்பாற்றினார். அந்த ஆட்டத்தை இன்றும் பேசுகிறோம். கார்ல்சனின் அந்த நியூயார்க் கடைசி ஆட்டத்தை யார் பேசுகிறார்கள்? (1983-இல் ஸ்மிஸ்லோவா ஹூப்னரா என்பதை ஆஸ்திரியாவில் ரூலெட் என்ற சூதாட்டச் சக்கரத்தைச் சுற்றி முடிவு செய்த கூத்தும் நடந்திருக்கிறது. சாம்பியனுக்குச் சவால் விடுபவர் யார் என்று முடிவு செய்யும் கேண்டிடேட்ஸ் போட்டியின் காலிறுதி அது. முதல் தடவை பந்து பூஜ்யத்தில் விழுந்து, மறுபடி சுற்றினார்களாம்!)

பலகைக்கு வெளியே முடிவு செய்வது எப்படி வலிக்கும் என்று எங்கள் வீட்டிலேயே பார்த்தோம். சில வருஷம் முன்பு இங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் குழந்தைகள் போட்டி, முதல் பரிசு சைக்கிள். ஏழு சுற்றில் என் தங்கை மகள் ஐந்து வெற்றி, இரண்டு டிரா, ஆறு புள்ளி. இன்னொரு பையன் ஆறு வெற்றி, ஒரு தோல்வி, அவனுக்கும் ஆறு. இருவரில் ஒவ்வொருவரோடும் ஆடிய எதிராளிகள் எடுத்த புள்ளிகளைக் கூட்டிப் பார்த்து (புக்கோல்ஸ் என்பார்கள்) சைக்கிளைப் பையனுக்குக் கொடுத்துவிட்டார்கள். இவளோடு முதல் சுற்றில் ஆடிய குழந்தையை மத்தியானம் சாப்பாட்டோடு அவன் அப்பா விருத்தாசலம் பஸ் பிடிக்க அழைத்துப் போய்விட்டார், அப்புறம் அந்தக் குழந்தைக்குப் புள்ளி ஏறவில்லை, அதில் இவளுக்குக் கூட்டல் குறைந்தது. 'நான் யார்கிட்டயும் தோக்கவே இல்லையே மாமா?' என்றாள். என்னிடம் பதில் இல்லை. அந்த வகையில் ரேபிட் எவ்வளவோ தேவலை, பலகையிலாவது நடக்கிறது.

அதனால் நான் ரேபிட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை முதலில் ஆடுங்கள் என்கிறேன். புது யோசனை இல்லை, செஸ்காரர்கள் பலர் முன்பே சொன்னதுதான். முதல் நாள் நாலு ரேபிட், அதுவும் சமமானால் அதைவிட வேகமான பிளிட்ஸ். அதில் ஜெயித்தவருக்குப் புள்ளி எதுவும் கிடையாது, ஆனால் 14 கிளாசிக்கல் ஆட்டமும் முடிந்து சமமாக நின்றால் பட்டம் அவருக்கு. பழைய சாம்பியன் என்பதற்காகக் கிடைத்த சலுகை இப்போது ஆடிச் சம்பாதித்ததாகிவிடுகிறது. எந்த நாளிலும் ஒருவருக்கு 'இப்படியே டிராவாகப் போனால் நான் காலி' என்று தெரிந்திருக்கும். ரேபிட்டில் தோற்ற அவர் ஒரு ஆட்டம் ஜெயித்துவிட்டால் இப்போது மற்றவர் பாய வேண்டும். ரெண்டு பேரும் கைகுலுக்கிவிட்டு நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்து போக முடியாது, ஏனென்றால் அந்த நாளை ஏற்கெனவே ஆடி முடித்தாயிற்று.

டீக்கடை நண்பர் ஒருவர் (வண்டியை எடுத்துக்கொண்டு போனாரே, அவரேதான்) இதை ஒத்துக்கொள்ள மாட்டார். ரேபிட்டில் ஜெயித்தவன் பதினாலு ஆட்டமும் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவானே என்கிறார். உட்காரட்டும் சார், பதினாலு ஆட்டம் ஒரு தடவைகூட வழுக்காமல், வெறி பிடித்து வருகிறவனைத் தடுத்து உட்காருவது சின்ன வேலையா? ஒரே ஒரு யானை தப்பான கட்டத்தில் நின்றதற்கு என்ன ஆயிற்று என்று பார்த்தோமே. அதைப் பார்க்காமல் போனவர் இவர், அதுதான் பிரச்சனை.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த பட்டப் போட்டிக்கு அட்டவணை போடும்போது அந்த ஒரு வரியைக் கொஞ்சம் விரித்து, எத்தனை ரேபிட், ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம், அதுவும் சமமானால் என்ன என்று நாலு வரியாகப் போடுங்கள். சண்டை போட எங்கள் கடைக்கு இன்னும் நாலு பேர் சேருவார்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகன்,
மஞ்சக்குப்பம், கடலூர்.