மேடை வேண்டாம், ஒரு போன் போதும்

மதிப்பிற்குரிய சிகிச்சை மைய நிர்வாகிகளுக்கும் மருத்துவர்களுக்கும்,

வணக்கம். போன வாரம் உங்கள் அழைப்பிதழ் கிடைத்தது. ஆண்டு விழாவில் 'போதையை வென்றவர்' என்று மேடையேறி ஐந்து நிமிடம் பேச வேண்டுமாம். மிக்க நன்றி. அதை உறுதிப்படுத்த ஒரே நாளில் மூன்று முறை போன் செய்தீர்கள். என் நம்பர் உங்களிடம் இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

என் கதை உங்கள் கோப்பில் இருக்கிறது. என்ன எடுத்தேன், எத்தனை வருடம், இதற்கு முன் எத்தனை முறை விழுந்து எழுந்தேன் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். கோப்பில் ஏறாத ஓர் இரவைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

டிஸ்சார்ஜ் ஆகி 19-ஆம் நாள். இரவு 11.40. உடம்பு வலி, நடுக்கம், வியர்வை எல்லாம் உங்கள் வார்டிலேயே தீர்ந்துவிட்டது. தூக்கம் மட்டும் திரும்பவில்லை. பொருள் தருகிறவனின் நம்பரை வார்டில் இருந்தபோதே அழித்துவிட்டேன், கவுன்சிலர் முன்னால், கைதட்டலோடு. ஆனால் விரலுக்கு மறக்கவில்லை. பாதி நம்பரை அழுத்துவேன், அழிப்பேன். மறுபடி அழுத்துவேன். இப்படி எத்தனை தடவை என்று எண்ணவில்லை.

டிஸ்சார்ஜ் சீட்டின் பின்பக்கம் 'எந்நேரமும் அழைக்கலாம்' என்று அச்சடித்திருந்தீர்கள். அழைத்தேன். மூன்று முறை மணி அடித்து ஓய்ந்தது. நான்காவது முறை எடுத்தவர் இரவுக் காவலாளி.

"கவுன்சிலர் எல்லாம் கிளம்பிட்டாங்க தம்பி. காலைல பத்து மணிக்கு மேல கூப்பிடுங்க. மறுபடி அட்மிஷன்னா ஃபார்ம் வாங்கணும்."

"அட்மிஷன் இல்லண்ணே. கொஞ்சம் பேசணும்."

"பேசறதுக்கா?" கொஞ்ச நேரம் சத்தமில்லை. நாற்காலியை இழுத்துப் போடுவது கேட்டது. "சரி, பேசு."

எனக்குப் பேச வரவில்லை. அவர்தான் பேசினார். முழங்கால் வலி, இரவு டியூட்டி, கதை சொன்னால்தான் தூங்குகிற பேத்தி. இருபது நிமிடம் இருக்கும். வைக்கும்போது என் கை சும்மா இருந்தது. அந்த ஏக்கம் அலை மாதிரி, எழும்பும், உச்சிக்குப் போகும், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அடங்கும் என்று நீங்கள்தான் வகுப்பில் சொல்லிக் கொடுத்தீர்கள். சரியான பாடம். அலை உச்சியில் நிற்கிற நேரத்தில் உங்கள் மையத்தில் விழித்திருந்தவர் அந்தப் பாடத்தைப் படிக்காத ஒருவர். தயவுசெய்து அவரைக் கண்டிக்காதீர்கள். ஆபீஸ் போனில் சொந்தக் கதை பேசினார் என்று விளக்கம் கேட்டுவிடாதீர்கள்.

அன்றைக்கு ஏன் அப்படி ஆனது என்றும் சொல்லிவிடுகிறேன். என் பக்கத்துக் கட்டில்காரர் எனக்கு ஒரு வாரம் முன்னால் வீட்டுக்குப் போனவர். பதினோராவது நாள் பழைய டோஸையே எடுத்திருக்கிறார். வாரக்கணக்கில் போதைப்பொருள் படாத உடம்புக்குப் பழைய அளவைத் தாங்கும் சக்தி போய்விட்டிருக்கும், முன்பு சாதாரணமாக எடுத்ததே இப்போது மூச்சை நிறுத்தும். சிகிச்சை முடிந்து வெளியே வந்த முதல் சில வாரங்கள்தான் மிக ஆபத்தானவை என்பது உங்களுக்குப் புதிதல்ல. அவர் வீட்டாருக்கு அதை யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை. ஓபியாய்டு (ஹெராயின், மார்ஃபின் வகை) ஓவர்டோஸை உடனே கொடுத்தால் முறிக்கக்கூடிய நலோக்சோன் என்ற மருந்தின் பெயரையே அவர்கள் கேட்டதில்லை. செய்தி எனக்கு வந்தது அந்த 19-ஆம் நாள் சாயங்காலம். அவர் படம் இன்னும் உங்கள் வரவேற்பறைச் சுவரில் இருக்கிறது. சான்றிதழைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. டிஸ்சார்ஜுக்குப் பிறகு முதல் 90 நாள், இரவிலும் எடுக்கிற ஒரு போன்.

சிகிச்சை பெற்றவர்களில் 40 முதல் 60 சதவீதம் பேர் மறுபடி விழுகிறார்கள் என்று அமெரிக்காவின் தேசிய போதைப் பழக்க ஆய்வு நிறுவனம் சொல்கிறது. ரத்த அழுத்தம், ஆஸ்துமா நோயாளிகளுக்கும் ஏறக்குறைய இதே கணக்குதானாம். அப்படியானால் ரத்த அழுத்தக்காரரை 45 நாள் படுக்க வைத்து, சால்வை போர்த்தி, 'வென்றுவிட்டீர்கள்' என்று அனுப்பிவிடுவீர்களா? மூன்றாம் மாதம் ரிவியூவுக்கு வந்தேன். பிரஷர் பார்த்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள், நான்கு நிமிடம். "தூக்கம் எப்படி?" என்று யாரும் கேட்கவில்லை. ஜூன் 26 சர்வதேச போதை ஒழிப்பு நாளுக்கு மட்டும் பதாகை, ஊர்வலம், உறுதிமொழி எதற்கும் குறைவில்லை. ஜூன் 27 ராத்திரி கூப்பிட்டால் எடுக்கத்தான் ஆளில்லை. வெளியுலகமும் லேசுப்பட்டதல்ல. வேலை கேட்டுப் போனால் "நடுவில் இந்த இடைவெளி ஏன்?" என்கிறார்கள். சொந்தக்காரர்கள் பர்ஸை எடுத்து உள்ளே வைத்துவிட்டுத்தான் நலம் விசாரிக்கிறார்கள். ஓபியாய்டு ஏக்கத்தை அடக்கக் கொடுக்கும் பியூப்ரெனார்ஃபின் மாத்திரையில் இருப்பவர்களைப் பார்த்து "இதுவும் போதைதானே" என்று உங்கள் ஊழியரே சிரித்ததையும் கேட்டேன். உலக சுகாதார நிறுவனம் 2005-லேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்த மருந்து அது.

மன்னியுங்கள், பேச்சு எங்கோ போய்விட்டது. போனுக்கு வருகிறேன்.

குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கம் பற்றி நீங்கள் எடுத்த வகுப்பில் ஒன்று விட்டுப்போயிற்று. 1935 மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்து ஹோட்டல் ஒன்றில், அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான பில் வில்சன் நின்றுகொண்டிருந்தார். குடியை விட்டு ஐந்து மாதம், வந்த வியாபாரமும் கைகூடவில்லை. ஒரு பக்கம் பார், இன்னொரு பக்கம் டெலிபோன். டெலிபோனை எடுத்தார். தன்னைப் போல இன்னொரு குடிநோயாளியிடம் பேச வேண்டும் என்று கேட்டுத்தான் ஊருக்குள் அழைத்தார். அந்த அழைப்பின் வழியாகத்தான் டாக்டர் பாப் ஸ்மித் கிடைத்தார், அந்த இயக்கமும் பிறந்தது. அன்றைக்கு யாராவது "காலைல பத்து மணிக்கு மேல" என்று சொல்லியிருந்தால்?

பெரிய செலவு இல்லை. முறை வைத்து இரவில் விழித்திருக்க ஓர் ஆள், ஒரு போன், முதல் 90 நாளில் இருக்கிறவர்களின் பட்டியல். அவர்கள் கூப்பிடும்வரை காத்திருக்காமல் மூன்றாம் நாளும் பத்தாம் நாளும் நீங்களே ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தால் இன்னும் நல்லது. இதையே இரண்டு முறை எழுதி ஆலோசனைப் பெட்டியில் போட்டேன். 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. மூன்றாவது முறையாக, பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

விழாவுக்கு வரவில்லை. அந்த ஐந்து நிமிடத்தை வேறு யாருக்காவது கொடுங்கள். இரவு போன் தொடங்கினால் சனிக்கிழமை ராத்திரிகளை என் பேரில் எழுதிக்கொள்ளலாம், சம்பளம் வேண்டாம். எனக்கு இன்னும் தூக்கம் சரியாக வருவதில்லை, எப்படியும் விழித்துத்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய நோயாளி,
214-ஆம் நாள்