மறு முனையை யார் பிடித்தது?

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, லால்பாக் நடையை விட்டுவிட்டாள். ஐப்பசி பிறந்தும் மழை விடவில்லை. சித்தி வீட்டு விஷயம் உனக்கே தெரிந்திருக்கும், அதை நான் எழுத வேண்டாம். போனில் பேசினால் எல்லாவற்றுக்கும் "சரிப்பா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

வண்டியில் உடைந்த ஸ்வே பாரை நீயே மாற்றிவிட்டு அனுப்பிய நான்கு போட்டோவும் பார்த்தேன். போனில் பார்த்தது போதாமல் ஜே.சி. ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கொடுத்துப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வாங்கி வந்தேன். ஷெட்டில் பெரியவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "நம்ம பாப்பாவா கழட்டிச்சு?" என்று மூன்று தடவை கேட்டார். அப்புறம் அதை எடுத்துக்கொண்டு டீக்கடை வரைக்கும் போய்க் காட்டிவிட்டு வந்தார். காகிதத்தில் இப்போது டீக்கறை.

நீங்கள் அங்கே ஸ்வே பார் என்கிறீர்கள். இரண்டு முன்சக்கரத்துக்கும் நடுவில் குறுக்கே போகிற அந்தக் கம்பி நமக்கு ஸ்டெபிலைசர். இன்னோவாவில் அதன் முனையைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கிற லிங்க் ராடு போய் டக்டக்கென்று அடிக்கும்போது ஸ்கூல் யூனிபார்மோடு நீ பக்கத்தில் குந்திக்கொண்டு ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பாய். பதினேழு கேட்டால் பதினேழு வரும். பெரியவரிடம் கேட்டால் பத்தொன்பது வரும். பொம்பளைப் பிள்ளை கையில் கிரீஸ் எதற்கு என்று உன் அம்மா கத்துவாள். இன்றைக்கு அவளும் அந்தப் போட்டோவைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. "கை வீங்கியிருக்கு பாருங்க" என்று மட்டும் சொன்னாள்.

வேலை சுத்தமாகச் செய்திருக்கிறாய். கம்பியைப் பிடிக்கிற ரப்பர் புஷ்ஷின் பிளவு, பழையது பார்த்த பக்கமே பார்க்கிறது. பிராக்கெட் போல்ட்டில் துரு சுரண்டியிருக்கிறாய். ஆனால் மூன்றாவது போட்டோவில் உடைந்த பார் தரையில் கிடக்கிறதே, அதைத்தான் நான் இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உடைந்த வாயைப் பார். முக்கால்வாசி கருத்துத் துரு ஏறியிருக்கிறது. ஓரத்தில் பிறை நிலா அளவுக்கு மட்டும் வெள்ளையாக மின்னுகிறது. அந்த வெள்ளைதான் அன்றைக்கு உடைந்தது. கறுப்பெல்லாம் எப்போதோ விட்ட விரிசல். அந்த ஊர் ரோட்டில் பனிக்குக் கொட்டுகிற உப்பு புஷ்ஷுக்குள் போய் உட்கார்ந்து, சின்னதாக ஒரு குழி அரித்து, அதில் ஆரம்பித்திருக்கும். வளைவில் திரும்பும்போது ஒரு சக்கரம் ஏறி ஒன்று இறங்கினால் அந்தக் கம்பி முறுகும். ஒவ்வொரு முறுக்கலுக்கும் விரிசல் ஒரு நூல் உள்ளே போகும். இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கினால் அதற்கு வேலையே இல்லை, புஷ்ஷுக்குள் சும்மா சுழலும். அதனால் நேர் ரோட்டில் ஒன்றும் தெரியாது.

எத்தனை நாளாகச் சத்தம் வந்தது? மெதுவாகப் போகும்போது முன்னால் கடக்கென்று ஒன்று கேட்டிருக்குமே. ஏன் சொல்லவில்லை? நாற்பது வருஷம் இதே தொழில் செய்தவனிடம் கேட்காமல் யூடியூபைப் பார்த்தாயா?

போன வருஷம் இந்நேரம் மாப்பிள்ளை முன்னால் பனி தள்ளுகிற பிளேடை மாட்டி வீடியோ அனுப்பினார். முந்நூறு கிலோவுக்கு மேல் இருக்கும் என்று சொன்னார். இந்தப் போட்டோவில் மாட்டுகிற கொக்கி மட்டும்தான் இருக்கிறது, பிளேடைக் காணோம். விற்றுவிட்டாரா? நல்ல விலை வந்திருந்தால் சரிதான். அந்த வண்டியை இப்போது நீதான் ஓட்டுகிறாயா? அவ்வளவு பெரிய வண்டியை வேலைக்கு எடுத்துப் போனால் பெட்ரோல் கட்டுமா? இல்லை, டீசலா?

வேலை மாறியதுகூடக் குடியாத்தம் பெரியப்பா மகன் சொல்லித்தான் தெரியும். சரி, அது போகட்டும்.

இரண்டு விஷயம் சொல்கிறேன், கேட்டுக்கொள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதே. உன் வாசல் சரளைக்கல் தரை. ஸ்டாண்டுக்கு அடியில் தடிமனான பலகை போடு. முன்பக்கம் தூக்கினால் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் தூக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் பார் முறுகிக்கொண்டு நிற்கும், லிங்க் நட்டு கழன்றதும் அடித்துவிடும். இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்தாலும் சொல்கிறேன். கடைசி இறுக்கம் வண்டியை இறக்கி, சக்கரத்தில் எடை நின்ற பிறகுதான். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுகின நிலையிலேயே மாட்டிக்கொண்டு சீக்கிரம் கிழியும். டார்க் ரெஞ்ச் வைத்துத்தானே இறுக்கினாய்? புஷ்ஷுக்குச் சாதா கிரீஸ் போடவில்லையே? ரப்பர் ஊறிப்போகும்.

இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன். அந்தப் பார் பதினைந்து கிலோவாவது இருக்கும். வண்டி அகலத்துக்கு நீளம். மல்லாந்து படுத்துக்கொண்டு ஒரு முனையைப் பிராக்கெட்டில் நிறுத்தினால் மறு முனை இறங்கிவிடும். நம் ஷெட்டில் இன்னோவா பாரையே நானும் பெரியவரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத்தான் ஏற்றுவோம். உன் நான்காவது போட்டோவில் இடது பக்கம் சட்டத்திலிருந்து ஒரு நாடா தொங்குகிறது. அதற்கு அடியில் பால் டப்பா வைக்கிற பிளாஸ்டிக் கூடை, அதன்மேல் இரண்டு செங்கல், அதன்மேல் மடித்த துண்டு. பம்பர் மேல் ஒரே ஒரு கப்.

மறு முனையை யார் பிடித்தது, பாப்பா?

மாப்பிள்ளை ஊரில் இல்லை, டியூட்டிக்குப் போயிருந்தார் என்று எழுதிவிடாதே. மே மாசத்திலிருந்து அதைத்தான் சொல்கிறாய். அம்மா நம்புகிறாள், அல்லது நம்புகிற மாதிரி இருக்கிறாள்.

சத்தம் வந்தபோது ஏன் சொல்லவில்லை என்று மேலே எழுதிவிட்டேன். அதை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். அடித்தாலும் படிக்கத் தெரியும் உனக்கு. நீ சொன்னாய். பிப்ரவரியில் ஒரு ராத்திரி இரண்டு மணிக்குப் போன் செய்தாய். அங்கே மதியம் மூன்றரை, நீ வேலையில் இருக்க வேண்டிய நேரம். "அப்பா, நான் கொஞ்ச நாள் அங்க வந்து இருக்கட்டுமா?" என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன்? டிக்கெட் என்ன விலை விற்கிறது, மாப்பிள்ளை சாப்பாட்டுக்கு என்ன செய்வார், ஏப்ரலில் பார்க்கலாம் என்றேன். நீ சரிப்பா என்றாய். அன்றிலிருந்துதான் எல்லாவற்றுக்கும் சரிப்பா.

எனக்கு அப்போதே புரிந்தது. புரியாமல் ஒன்றும் பேசவில்லை. கல்யாணத்துக்கு வாங்கிய கடன் முடிந்த மாசம் அது. குடியாத்தத்தில் என்ன பேசுவார்கள் என்று முதலில் நினைத்தேன், உன்னை அப்புறம்தான் நினைத்தேன். போனை வைத்துவிட்டு விடியும்வரை படியில் உட்கார்ந்திருந்தேன். திரும்பக் கூப்பிட எட்டு மாசம் இருந்தது. கஸ்டமர் வண்டியில் விரிசல் விட்டதைத் தட்டிப் பார்த்தாலே கண்டுபிடிப்பேன் என்று பெருமை பேசுகிறவன் நான். அம்மாவிடம் இன்னும் இதைச் சொல்லவில்லை.

மேல் ரூமில் இருந்த மட்டடார் வேன் சாமானெல்லாம் காயலான் கடைக்குப் போட்டாயிற்று. கியர்பாக்ஸ் மட்டும் பெரியவர் விடமாட்டேன் என்றார், அது கீழே கிடக்கிறது. சுண்ணாம்பு அடித்து, ஜன்னலுக்குக் கொசுவலை போட்டிருக்கிறேன். எலித் தொல்லை, அதனால் காலி செய்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் பேசாமல் உன் பழைய போர்வையைத் துவைத்து மொட்டை மாடியில் காயப்போட்டாள். இந்த மழையில் அது மூன்று நாளாகக் காயவில்லை.

வா என்று சொல்லவில்லை. வராதே என்று இனிமேல் சொல்லமாட்டேன். டிக்கெட் விலை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நூறு கிலோமீட்டர் ஓடியதும் பிராக்கெட் போல்ட், லிங்க் நட்டு எல்லாவற்றையும் ஒருமுறை ரெஞ்ச் வைத்துப் பார்த்துவிட்டுப் போன் பண்ணு. எத்தனை மணியானாலும் சரி. போனைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன்.

கை வீக்கத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

அப்பா

மறந்துவிட்டேன்: லிங்க்கில் பழைய நைலான் நட்டையே திரும்பப் போடவில்லையே? ஒரு தடவை கழற்றினால் அதற்குப் பிடிப்பு போய்விடும். புதுசு போடு. காசு இல்லையென்றால் சொல்.